அ ஆ பழக்க மணலா, மாவா, புளியங்கொட்டையா, கயிறா? நம்ம கடலோரத்துப் புள்ளைகளுக்கு எது சரியா வரும்

மூணு வயசு முடிஞ்ச புள்ளைக்கு எழுத்து அறிமுகம் பண்ணணும், ஆனா பென்சிலை இப்பவே கையில திணிக்க வேணாம், விளையாட்டா ஏதாவது கைவேலை பண்ண வச்சு விரலுக்கும் பலம் வரணும்னு நினைக்கிற அம்மாக்கள் இப்போ நம்ம பக்கம் நிறையவே இருக்காங்க. ராமநாதபுரம் கடலோரத்துல மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரை, பெரியபட்டினம் எங்க போனாலும் ஜூன் மாசம் நெருங்குனா இதே பேச்சுத்தான், எதை வச்சு ஆரம்பிக்கிறது, எதை வாங்குறது, எது வேஸ்ட்டு.

யூடியூப்ல தேடுனா வர்றதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கு செஞ்சது. ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டி எஃப் பண்ணு, ஹெச் பண்ணுன்னு காட்டுவாங்க, அந்த எழுத்தெல்லாம் நேர்கோடு, அதனால குச்சிக்கு அடங்கிரும். நம்ம எழுத்து அப்படி இல்லை. 'அ'வைப் பாருங்க, உள்ளுக்குள்ள சுழிச்சு வளைஞ்சு கீழ வந்து குறுக்கால ஓடி அப்புறம் ஒரு நெட்டுக்கோடு. 'இ', 'ஐ', 'ஞ', 'ண' இதெல்லாம் குச்சியால பண்ணவே முடியாது, பண்ணுனாலும் அது அந்த எழுத்தா இருக்காது. அதனால நமக்கு எது ஒத்துவரும்னு நம்மளாத்தான் யோசிக்கணும்.

என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன், ஒண்ணே ஒண்ணுதான் பண்ண நேரம் இருக்குன்னா கயிறு. எழுத்து மேல கயிறை வளைச்சு வளைச்சு ஒட்டுறது. ஆனா மூணு வயசுக் கைக்கு அதுக்கு முன்னாடி மாவும் மணலும் வேணும், எல்லாரும் முதல்ல கையில எடுக்குற விதை ஒட்டுற வேலையை நான் ரொம்பப் பின்னாடி தள்ளிருவேன். ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கை எந்த அளவுல இருக்குன்னு முதல்ல பாக்கணும்

புள்ளை பொறக்கும்போது மணிக்கட்டுல இருக்க வேண்டிய 8 சின்ன எலும்பும் பெரும்பாலும் குருத்தெலும்பாத்தான் இருக்கும், அது ஒண்ணு ஒண்ணா கெட்டியாகிட்டு வரும், மூணு வயசுல பாதிகூட ஆகியிருக்காது, கடைசி எலும்பு தெரியிறதுக்கு 8 வயசுக்கு மேல ஆகும். அந்தக் கையில போய் நாலு வரி நோட்டுல சின்னதா எழுதுன்னு சொன்னா அது தோள்பட்டையிலருந்து மொத்தக் கையையும் இறுக்கித்தான் எழுதும், அஞ்சு நிமிஷத்துல வலிக்குதுன்னு சொல்லும், நம்ம சோம்பேறின்னு திட்டுவோம். பாவம் அது.

அதே மாதிரி வரையிறதுலயும் ஒரு வரிசை இருக்கு. சுமாரா ரெண்டு வயசுல நிக்கிற கோட்டைப் பாத்துப் போடும், அப்புறம் படுத்த கோடு, மூணு வயசுல வட்டம், நாலுல கூட்டல் குறியும் சதுரமும், அஞ்சுல முக்கோணம். ஒவ்வொரு புள்ளைக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் ஆனா வரிசை பெரும்பாலும் இதுதான். அப்போ எந்த எழுத்து முதல்ல வரணும்? 'அ' இல்லை. 'ட'வும் 'ப'வும். 'ட'ன்னா ஒரு நிக்கிற கோடு ஒரு படுத்த கோடு, 'ப'ன்னா அதோட இன்னொரு கோடு மேல ஏறுது, அவ்வளவுதான். 'ம'வுக்கு அதுக்கப்புறம் ஒரு சுழி சேருது. இந்த மூணு எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தா 'படம்', 'பட்டம்' ரெண்டு வார்த்தை படிச்சிரலாம், நம்ம காத்துக்குப் பட்டம் தெரியாத புள்ளை உண்டா. அதைவிட எளிசு 'ஃ', மூணு புள்ளி வச்சா எழுத்து முடிஞ்சுது. பாட்டா சொல்லும்போது அ ஆ இ ஈன்னே சொல்லட்டும், காதுக்கு அந்த வரிசை வேணும்தான், கைக்கு மட்டும் வேற வரிசை வச்சுக்கலாம். 247 எழுத்தையும் கைவேலையா பண்ணப் போறது யாரும் இல்லை, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 இதுலயே ஒரு பத்துப் பன்னெண்டு எழுத்து பண்ணுனா போதும், மிச்சத்தை அந்தக் கை தானா பழகிரும்.

மணல்

நமக்கு வாசல்லயே கிடக்கு, காசு இல்லை, தப்பாப் போட்டா ஒரு தட்டு தட்டி அழிச்சிரலாம். புள்ளைக்கு அந்த அழிக்கிற சுகமே பெருசு, தப்பு பண்ணிட்டோமேன்னு பயம் வராது. இது நம்ம ஆளுகளோட பழைய வழிதான், திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணலைப் பரப்பி விரலால எழுதித்தான் படிச்சாங்க. சென்னையில எழும்பூர் அனாதைப் பள்ளியை 1789லருந்து நடத்துன ஆண்ட்ரூ பெல்ங்கிற பாதிரியார் நம்ம ஊர்ப் புள்ளைக மணல்ல எழுதுறதைப் பாத்துட்டுத்தான் தன்னோட பள்ளிக்கூடத்துல அதைப் புகுத்துனாரு, 1797ல லண்டன்ல அதைப் பத்தி எழுதி வெளியிட்டாரு, மணல்ல எழுதுறதும் புள்ளைகளே புள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்குறதும் சேந்த அவரோட முறைக்கு அங்க மெட்ராஸ் முறைன்னே பேராயிருச்சு. அப்படி ஊரு விட்டு ஊரு போன மணலை நம்ம கடல் பக்கத்துல உக்காந்துக்கிட்டு விட்டுட்டோம், மணல் தட்டுன்னு ஆன்லைன்ல ஆர்டர் போடுறோம்.

ஆனா மணலால எல்லாம் நடக்காது, அதையும் சொல்லணும். மணல்ல விரல் ஓடுது, எழுத்தோட திசை பழகுது, எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு தெரியுது. ஆனா விரலுக்கு எதிர்ப்புன்னு ஒண்ணும் இல்லையே, காஞ்ச மணல்ல அது வழுக்கிட்டுப் போயிரும், கிள்ளுற பலமோ நசுக்குற பலமோ அதுல வராது. அதுக்கு ஈரமணல் வேணும். ஈரமணலை அமுக்கி உருட்டி பெரிய 'ட'வா கட்டுறது, குச்சியால கீறுறது, ஒரு குழி தோண்டி மூணு உருண்டை வச்சு 'ஃ' பண்றது, இதுல உள்ளங்கை தோள் ரெண்டும் நல்லா வேலை செய்யும். கடற்கரைக்கே கூட்டிட்டுப் போறீங்கன்னா பெருசா எழுத வைங்க, புள்ளை ஆள் உயரத்துக்கு.

வீட்டுல தட்டுல வைக்கிறதா இருந்தா கடல் மணலை அப்படியே அள்ளிட்டு வராதீங்க. ஒண்ணு, அதுல தூண்டில் முள்ளு, கண்ணாடிச் சில்லு, நாய் பூனை அசிங்கம் எல்லாம் இருக்கும். ரெண்டு, உப்பு இருக்கதால என்ன காயவச்சாலும் ஐப்பசி கார்த்திகையில கசகசன்னே இருக்கும். ரெண்டு மூணு தண்ணி விட்டு அலசி சல்லடையில சலிச்சு நல்ல வெயில்ல காயப்போட்டு எடுங்க. அரிசியில எழுத வைக்கலாமேன்னு கேப்பாங்க, விஜயதசமிக்கு சரி, தினம் அரிசியைக் கொட்டி விளையாட வச்சா வீட்டுப் பெரியவுக மனசு சங்கடப்படும், அது நியாயமும்கூட. பெருக்குறதுக்கும் மணல்தான் லேசு.

மாவு

மூணு வயசுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். உள்ளங்கையில இருக்க சின்னச்சின்ன தசைக்கெல்லாம் மாவு பிசையிறதைவிட நல்ல வேலை கிடையாது. பிசைய, உருட்ட, கிள்ள, நசுக்க, நீளமா பாம்பு மாதிரி தேய்க்க, அந்தப் பாம்பை வளைச்சு எழுத்தாக்க. தனியா வாங்கணும்னு இல்லை, சப்பாத்திக்குப் பிசையும்போது ஒரு உருண்டையைக் கொடுத்தாலே போதும். முறுக்குப் பிழியிற நாள்ல கையால சுத்துற கைமுறுக்கு மாவு கொடுத்துப் பாருங்க, 'உ' எவ்வளவு அழகா வருதுன்னு.

ரொம்ப நாள் வச்சு விளையாட உப்பு மாவு பண்ணுவாங்க, மைதா ரெண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணி சுமாரா ஒரு பங்கு. இதுல பண்ணுன எழுத்தைக் காயவச்சு கலர் அடிச்சு செவுத்துல மாட்டலாம்னு எல்லா வீடியோவும் சொல்லும். நம்ம கடலோரத்துல அது சரிப்படாது. காத்துல ஈரப்பசை முக்கால்வாசிக்கு மேல போச்சுன்னா உப்பு தானா தண்ணியை இழுத்துக் கசியும், நம்ம வீட்டு உப்பு ஜாடியே மழைக்காலத்துல கசியுதுல்ல அதே கதைதான், வெயில்ல கல்லா காஞ்ச எழுத்து மழை வந்தா நமத்துத் தொங்கும். அதனால மாவை மாட்டி வைக்கிற பொருளா நினைக்காதீங்க, பிசைஞ்சு பிசைஞ்சு அழிக்கிற பொருளா வச்சுக்கங்க. வாயில வைக்கிற புள்ளைன்னா உப்பு மாவே வேணாம், அவ்வளவு உப்பு உள்ள போகக்கூடாது, சப்பாத்தி மாவே போதும்.

கண்மாய்க் களிமண்ணு கிடைக்கிற ஊர்க்காரங்க குடுத்துவச்சவங்க, திருப்புல்லாணி உத்தரகோசமங்கை பக்கம் உள்ளவங்க பிள்ளையார் சதுர்த்தி சமயத்துல மண்ணு எடுக்கும்போது ஒரு கைப்பிடி கூடுதலா எடுத்து வையுங்க. மாவைவிட அது கெட்டி, நாலு வயசுக் கைக்குப் பொருத்தமா இருக்கும்.

மாவுல குறைன்னு சொன்னா ஒண்ணுதான், எழுத்தோட திசை அதுல நிச்சயமில்லை. பாம்பை நடுவுலருந்து வளைச்சாலும் 'உ' மாதிரி வந்துரும், கை எழுதுற வழியில போகாது. பலத்துக்கு மாவு, வழிக்கு வேற ஒண்ணு வேணும்.

விதை, சிப்பி

அட்டையில பெருசா 'அ' எழுதி பசையைத் தடவி அது மேல புளியங்கொட்டை, துவரை, பாசிப்பயறு ஒட்டுறது. இதுதான் எல்லா ஸ்கூல்லயும் ஹோம்வொர்க்கா வரும், கண்காட்சியில வைக்க அழகா இருக்கும், போட்டோ எடுத்தா நல்லா வரும். ரெண்டு விரலால ஒரு சின்ன விதையை எடுத்து ஒரு இடத்துல வைக்கிற அந்தக் கிள்ளுப்பிடி நல்ல பயிற்சிதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நிஜத்துல என்ன நடக்குது, புள்ளை ஏழெட்டு விதை வைக்கும், சலிச்சுப்போய் எந்திரிச்சு ஓடிரும், மிச்சத்தை ராத்திரி அம்மா உக்காந்து ஒட்டுவாக. அம்மாவோட விரலுக்குப் பயிற்சி ஆகி என்ன பண்ண. இன்னொண்ணு, விதையை எங்க வேணா எந்த வரிசையில வேணா ஒட்டலாம், வால்லருந்து தலைக்குப் போனாலும் படம் ஒண்ணுதான், அப்போ அந்தக் கை 'அ' எழுதக் கத்துக்கலை, 'அ' படத்தை நிரப்பக் கத்துக்குது. 'ஃ'க்கு மட்டும் விதை ரொம்பப் பொருத்தம், மூணே மூணு புளியங்கொட்டை, முடிஞ்சுது, புள்ளைக்கு முழுசா தானே பண்ணுன சந்தோஷம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவும் விதை அருமை.

பயப்பட வேண்டிய விசயமும் இதுலதான் இருக்கு. குன்றிமணியைத் தயவுசெஞ்சு கொடுக்காதீங்க. சிவப்பும் கறுப்புமா அவ்வளவு அழகா இருக்குன்னு வேலியோரத்துல பொறுக்கிட்டு வந்து கைவேலைக்குக் கொடுக்குறதைப் பாத்துருக்கேன், அதுக்குள்ள இருக்கது அப்ரின்ங்கிற கொடிய விஷம், தோல் கெட்டியா இருக்கதால முழுசா முழுங்குனா சில சமயம் அப்படியே வெளிய வந்துரும், ஆனா கடிச்சோ ஓட்டை போட்டோ உள்ள இருக்கது வெளிய வந்தா உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான், அரளியும் அப்படித்தான். பயறு வகையில வேற ஒரு ஆபத்து, மூக்குல காதுல போட்டுக்கும், உள்ள ஈரத்துல ஊறிப் பெருத்து எடுக்க முடியாமப் போயிரும், வீட்டுல குச்சியை விட்டு நோண்டாம ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். மூணு வயசுக்குக் கீழ உள்ள தம்பி தங்கச்சி அதே வீட்டுல தவழ்ந்துக்கிட்டு இருந்தா விதை வேலையை அப்படியே ஒதுக்கி வச்சிருங்க.

சிப்பி நமக்குச் சும்மா கிடைக்குது. நல்லாக் கொதிக்க வச்சு, ஓரம் உடைஞ்சு கூரா இருக்கதைக் கழிச்சிட்டு, பெரிய சிப்பியா எடுத்தா 'ட', 'ப' ஓரமா அடுக்க வச்சுக்கலாம். ஒட்டக்கூட வேணாம், தரையில சாக்பீஸால எழுதி அது மேல அடுக்கி எடுத்தாப் போதும். ஆனா பவளப்பாறைத் துண்டை எடுக்காதீங்க, கரையில ஒதுங்குனதா இருந்தாலும் சரி. ராமேஸ்வரத்துலருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவோட 1986லருந்து கடல்சார் தேசியப் பூங்கா, பவளம் எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது. பெரிய சங்கு வகையிலயும் சிலது அந்தப் பட்டியல்ல இருக்கு, அதனால சாதாரண மட்டிச் சிப்பியோட நிறுத்திக்கிறது நல்லது. புள்ளைக்குக் கடல்ல எதை எடுக்கலாம் எதை விடணும்னு அந்த வயசுலயே சொல்லிக் கொடுத்த மாதிரியும் ஆச்சு.

ஓலை, காகிதம், கத்திரி

ஓலையைப் பத்தி எனக்கு ஆசை அதிகம். பெரியபட்டினம், சாயல்குடி பக்கம் ஓலைப்பெட்டி முடையிற கைகளைப் பாத்து வளந்தவங்களுக்கு இந்த ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனா எழுத்து பண்ண ஓலை ஒத்துழைக்காது. அது மடியும், வளையாது. 'ட', 'ப' மடிச்சுப் பண்ணிரலாம், 'அ'வுக்குன்னு பக்கவாட்டுல வளைச்சா கிழிஞ்சிரும். ஓரமும் விரலைக் கீறும். குருத்தோலை ஞாயிறுக்கு சிலுவை மடிக்கிற பெரிய புள்ளைக கூட உக்காந்து அஞ்சு வயசுப் புள்ளை கத்துக்கட்டும், ரெண்டு ஓலையைக் குறுக்கும் நெடுக்குமா பின்னுறது ரெண்டு கைக்கும் பெரிய பயிற்சி. எழுத்துக்குன்னு ஓலையை இழுக்க வேணாம்.

காகிதம் கிழிக்கிறதை யாரும் மதிக்கிறதில்லை, நான் ரொம்ப மதிக்கிறேன். எல்லார் வீட்டுச் செவுத்துலயும் தினசரி காலண்டர் தொங்குது, அன்னைக்குத் தாளைப் புள்ளைகிட்ட கொடுத்து நீளநீளமா கிழிக்கச் சொல்லுங்க, ஒரு கை முன்னாடி போக ஒரு கை பின்னாடி வரணும், ரெண்டு கையும் சேந்து வேற வேற வேலை செய்யிற பழக்கம் அங்கதான் வருது. கிழிச்சதை மூணு விரலால சின்ன உருண்டையா உருட்டி எழுத்துல ஒட்டலாம், விதையைவிட இது ஆபத்தும் கம்மி பலனும் ஜாஸ்தி.

கத்திரிக்கோல் எழுத்து வெட்டுறதுக்கு இல்லை. முனை மழுங்கின கத்திரியை மூணு வயசுல கொடுத்து தென்னங்கீத்தையோ ஸ்ட்ராவையோ சும்மா நறுக்க விடுங்க, கோட்டு மேல வெட்டுறது நாலு வயசுக்கு மேல, வளைஞ்ச எழுத்தை வெட்டுறது அஞ்சாறு வயசுலகூடக் கஷ்டம். 'அ'வை வெட்டிட்டு வான்னு எல்கேஜி புள்ளைக்கு ஹோம்வொர்க் வந்தா அது பெத்தவங்களுக்கு வந்த ஹோம்வொர்க்.

துணி கிளிப் பத்தி ஒரு வரி, நம்ம காத்துக்குக் கிளிப் இல்லாத வீடு இல்லை, ஒவ்வொரு கிளிப்புலயும் ஒரு எழுத்து எழுதி அட்டையில இருக்க அதே எழுத்து மேல மாட்டச் சொல்லுங்க, கிள்ளுப் பலத்துக்கு இதைவிட மலிவு கிடையாது.

கயிறுக்கு ஏன் முதலிடம்

தமிழ் எழுத்து பெரும்பாலும் கையை எடுக்காம ஒரே ஓட்டமா ஓடுறது. 'உ', 'எ', 'ஒ', 'ட', 'ப', 'ம' எல்லாம் ஒரே இழுப்பு. கயிறும் அப்படித்தான், ஒரு நுனி இருக்கு ஒரு கடைசி இருக்கு, நடுவுல எங்கயும் விட்டுட்டுப் போக முடியாது. எழுத்தோட ஆரம்பத்துல ஒரு சிவப்புப் பொட்டு வச்சு அங்க நுனியை ஒட்டுனா அதுக்கப்புறம் கை தானா எழுதுற வழியிலதான் போகும். விதையில இல்லாதது, மாவுல நிச்சயமில்லாதது இதுல கட்டாயமா இருக்கு. சுழி வர்ற இடத்துல ஒரு விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால வளைக்கணும், அந்த ஒரு நொடியில ரெண்டு கையும் கண்ணும் சேந்து செய்யிற வேலை இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் இவ்வளவும். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க மூணு சுழி ரெண்டு சுழின்னு தொண்டை கிழியக் கத்துறோம், கயிறுல ஒரு தடவை வளைச்சு ஒட்டுன புள்ளைக்கு அது விரலுக்கே தெரிஞ்சிரும்.

காஞ்சதுக்கு அப்புறம் அந்த அட்டை வேற ஒரு பொருளாயிருது. கயிறு மேல ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வச்சுத் தடவிக்கிட்டே சத்தத்தைச் சொல்லலாம். மரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாள்ல எழுத்தை வெட்டி ஒட்டித் தடவச் சொன்னாங்கல்ல, அவங்க 1939ல அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, அதே வேலையை இந்த அட்டை செய்யும். உப்புத்தாள் அட்டையும் நல்லதுதான் ஆனா அதை நம்மதான் வெட்டி ஒட்டணும், புள்ளைக்கு அதுல கைவேலை ஒண்ணும் இல்லை, கயிறுன்னா அட்டையைச் செய்யிறதும் புள்ளைதான் தடவுறதும் புள்ளைதான்.

எந்தக் கயிறுங்கிறதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கடலோரம்னதும் வலைக்கயிறு ஞாபகம் வரும், பழைய நைலான் கயிறு வீட்டுல கிடக்கும். அது வேணாம். நைலான் வளைச்சா திமிறிக்கிட்டு நிமிரும், பசை பிடிக்காது, நரம்பு நூல் விரலை அறுக்கும். தென்னங்கயிறு குத்தும். சணல் பரவாயில்லை, கொஞ்சம் நார் பிரியும். சரியான சாமான் பருத்தி, உருண்டையா இருக்க பாவாடை நாடா, அது இல்லைன்னா தடிமனான விளக்குத்திரியை முறுக்கி எடுத்துக்கலாம். சொன்ன இடத்துல படுத்துக்கும், பசையையும் குடிக்கும். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை போதும், நம்ம ஊர்ப் பத்திரிகை எல்லாம் நல்ல கெட்டி அட்டை. எழுத்து உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கட்டும். பசையை நீங்க தடவாதீங்க, பெவிகால் டப்பாவை அது கையிலயே கொடுத்து கோட்டு மேல பிதுக்கிக்கிட்டே வரச் சொல்லுங்க, அந்தப் பிதுக்குறதே பாதிப் பயிற்சி. மைதாப் பசை காய்ச்சலாம் ஆனா எறும்பும் கரப்பானும் அட்டையைத் தின்னுரும். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து, பத்து நிமிஷம், சலிச்சா பாதியில விட்டுட்டு மறுநாள் தொடரலாம், கயிறு எங்க நின்னுச்சோ அங்கருந்தே போகும். மிச்சக் கயிறை மட்டும் புள்ளை கையில விட்டுட்டு நகராதீங்க, கழுத்துல சுத்திரும்.

இதையே கொஞ்சம் பெரிய புள்ளைக்கு மாத்தலாம். அட்டையில எழுத்து ஓரமா பஞ்சிங் மிஷினால ஓட்டை போட்டு ஷூ லேஸைக் கோத்துக்கிட்டே வர்றது. இல்லைன்னா பெரிய கண்ணி உள்ள வலைத்துண்டை ஒரு மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி புள்ளை தோள் உயரத்துக்கு ஜன்னல்ல மாட்டி, கலர் துணி ரிப்பனைக் கண்ணி கண்ணியா விட்டு 'ட', 'ப' பின்ன வைக்கிறது, நிமிந்து நின்னு செய்யிறதால மணிக்கட்டும் தோளும் பலமாகும். தொளதொளன்னு தொங்கவிட்டா கை தலை மாட்டிக்கும், விறைப்பா இருக்கணும்.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு வசதி இருக்கு. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போறவுக வீட்டுல இருப்பாக, வலையைப் பிரிச்சுக் கட்டிக்கிட்டு இருப்பாக. புள்ளை ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி வர்ற மாசமும் அதுதான். அம்மாவைவிட அப்பாவுக்குத்தான் கயிறு பேச்சு கேக்கும், ஊசி ஓட்டி முடிச்சுப் போட்டுப் பழகுன கை அது. "இந்தா அப்பாகிட்ட போய் 'அ'வுக்கு வளைச்சுத் தரச் சொல்லு"ன்னு அனுப்பிப் பாருங்க. எங்க தெருவுல எழுதப் படிக்க அவ்வளவா வராத ஒரு அண்ணன் மகளோட உக்காந்து கயிறுலதான் 'இ' பண்ணுனாரு, நோட்டுன்னா எந்திரிச்சுப் போயிருக்கக்கூடியவரு.

யாருக்கு எது

அங்கன்வாடியில இருபது புள்ளையை ஒருத்தரே பாக்குற இடத்துல கயிறும் பசையும் நடக்காது, அங்க ஈரமணலும் கிளிப்பும் காலண்டர் தாளும் போதும். வீட்டுல ஒத்தப் புள்ளை, மூணு வயசுன்னா ஆறு மாசம் மாவும் மணலும், மூணரைக்கு மேல காகிதமும் கயிறும். நாலரை வயசாகி ஸ்கூலுக்கும் போயாச்சு, பென்சிலைக் கைமுட்டிக்குள்ள வச்சுத்தான் பிடிக்குதுன்னா பயந்துபோய் நோட்டு நோட்டா எழுத வைக்காதீங்க, மாவுக்குத் திரும்பிப் போங்க, கூடவே சொட்டாங்கல்லும் பல்லாங்குழியும் விளையாட விடுங்க. புள்ளிக்கோடு போட்ட ஒர்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுக்கட்டா கொடுக்குறது இந்த எல்லாத்துக்கும் கடைசியில தான், அது பலமான கைக்குப் பழக்கம் கொடுக்கும், பலமில்லாத கையைப் பலமாக்காது.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் புள்ளைக காலையில ஓதப் போயிட்டு அப்புறம் ஸ்கூலுக்குப் போகும், தமிழ், இங்கிலீஷ், அரபுன்னு மூணு எழுத்து ஒரே சமயத்துல. அரபு வலமிருந்து இடமா ஓடுது மத்த ரெண்டும் இடமிருந்து வலம். புள்ளை குழம்பிரும்னு ராத்தாமாருக பயப்படுறாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறக் கயிறு வச்சு, ஆரம்பிக்கிற இடத்துல பொட்டு வச்சிட்டா கை பிரிச்சு வச்சுக்கும். அலிஃப் ஒரே நெட்டுக்கோடு, பே ஒரு வள்ளம் மாதிரி வளைஞ்சு கீழ ஒரு புள்ளி, ரெண்டுமே கயிறுக்கு நல்லா வரும். இங்கிலீஷ்ல சி, ஓ, எஸ், யூ கயிறுக்குப் பொருத்தம், எஃப் ஹெச்சுக்கெல்லாம் அந்த ஐஸ் குச்சியே போதும்.

இடது கைப் புள்ளையா இருந்தா மாத்தாதீங்க. பீச்சாங்கைன்னு தட்டிவிடுறது இன்னும் நடக்குது. எழுத்துக் கைவேலைக்கு எந்தக் கை முன்னாடி வருதோ அதையே விடுங்க, அட்டையைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சுக் கொடுங்க, கத்திரி மட்டும் இடது கைக்குன்னு கேட்டு வாங்குங்க, சாதாரணக் கத்திரியில அது வெட்டுற கோடே அதுக்குத் தெரியாது.

நாலு வயசு தாண்டியும் சட்டைப் பட்டனைத் தொடவே முடியலை, சோத்தை அள்ளும்போது விரல் சேரலை, ஒரு கையை மட்டும் உபயோகிச்சு இன்னொரு கையைச் சும்மாவே வச்சிருக்குன்னா கைவேலையை மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க. அங்கன்வாடிக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை புள்ளைகளைப் பரிசோதிக்க டாக்டர் குழு வரும், அன்னைக்கு லீவு போடாம அனுப்பி இந்த விசயத்தை வாய்விட்டுச் சொல்லுங்க, தேவைப்பட்டா வளர்ச்சியில பின்தங்குற புள்ளைகளைப் பாக்குறதுக்குன்னு மாவட்டத்துல இருக்க தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அவங்களே எழுதிக் கொடுப்பாங்க, செலவு கிடையாது.